பதறாத காரியம் சிதறாது: மெமரி கார்டில் அழிந்த படங்களை மீட்பது எப்படி?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "மெமரி சிப் சம்பந்தமான வேலைதானே பாக்கறீங்க? மாணவர்களுக்கும் புரியணும், குடும்பத்தோட வர்றவங்களுக்கும் பயன்படணும், அந்த மாதிரி ஏதாச்சும் பேசுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏப்பா, கார்டுல இருந்த போட்டோ எல்லாம் போயிருச்சு, எடுக்க முடியுமா?" அதையே இன்றைய தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சமயம் எடுக்க முடியும். ஆனால், படம் போனது தெரிந்த அந்த நிமிடத்திலிருந்து நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. "பதறாத காரியம் சிதறாது" என்று நம் பெரியவர்கள் சொன்னது மெமரி கார்டுக்கு அப்படியே பொருந்தும். ஏன் பொருந்தும் என்பதை விளக்குவதுதான் இந்த உரை.

சேலம் இழந்த ஒரு படம்

படத்தைத் தொலைத்த அனுபவம் நம் ஊருக்குப் பழையது. ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. முதல் படம் 'சதி அகல்யா', 1937-இல் வந்தது. மறு ஆண்டே, 1938-இல், மலையாள மொழியின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கே தயாரானது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வெளிவந்தது.

அலிபாபாவை இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கலாம். பாலனைப் பார்க்க முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படம், நம் சேலத்தில் எடுத்த படம், சில ஸ்டில் போட்டோக்களோடு நின்றுவிட்டது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கும் இதே கதிதான். அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. சுலபமாகத் தீப்பிடிக்கும், வெப்பத்தில் மக்கும். போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படச்சுருளில் இருக்கும் வெள்ளிக்காக அதை உருக்கி விற்றவர்களும் உண்டு. பாதுகாத்து வைத்த இடத்திலும் ஆபத்து இருந்தது. 2003 ஜனவரியில் புனேயில், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகத் தீயில் எரிந்து போயின.

ஃபிலிம் எரிந்தால் சாம்பல்தான் மிச்சம். மெமரி கார்டு அப்படியல்ல. அதில் "அழித்துவிட்டேன்" என்று நாம் சொல்லும்போது படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நூலகமும் அட்டவணை அட்டையும்

நம் கல்லூரி நூலகத்தில் மர இழுப்பறைகளில் அட்டவணை அட்டைகள் இருந்தது மூத்த மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று அட்டையில் எழுதியிருக்கும். ஒருவர் அந்த அட்டையை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? தேடி வருபவருக்குப் புத்தகம் "இல்லை". ஆனால் அலமாரியில் அது இருந்த இடத்திலேயே இருக்கும். புதுப் புத்தகம் வந்து, "இந்த இடம் காலி" என்று நினைத்து நூலகர் பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கும்போதுதான் அது உண்மையிலேயே போகிறது.

மெமரி கார்டும் இதே ஏற்பாடுதான். கார்டின் ஆரம்பத்தில் 'ஃபேட்' என்ற அட்டவணை இருக்கிறது. ஃபைல் அலொக்கேஷன் டேபிள் என்பதன் சுருக்கம் அது. 1970-களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட்டில் உருவான முறை, இன்றைக்கும் நம் கேமராவுக்குள் வாழ்கிறது. 32 ஜிபி வரைக்குமான கார்டுகளில் ஃபேட்32, அதற்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்ஃபேட்.

கார்டின் இடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டம் 32 கேபி என்று வைத்துக்கொண்டால், 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 10 லட்சம் கட்டங்கள். 8 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ சுமார் 250 கட்டங்களில் உட்காரும். எந்தப் படம் எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தெந்தக் கட்டம் வழியாகப் போகிறது என்பது அட்டவணையில் இருக்கும்.

ஒரு படத்தை நாம் டெலிட் செய்தால், ஃபேட்32-இல் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி "இது காலி" என்று ஓர் அடையாளம் போடுகிறார்கள். அட்டவணையில் அந்தக் கட்டங்களுக்கு எதிரே பூஜ்ஜியம் போடுகிறார்கள். அவ்வளவுதான். படம் இருக்கும் 250 கட்டங்களையும் யாரும் தொடுவதில்லை. ஃபார்மட் செய்தாலும் வழக்கமாக அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறார்கள். 32 ஜிபி கார்டு இரண்டு விநாடியில் ஃபார்மட் ஆகிறதே, அத்தனை இடத்தையும் இரண்டு விநாடியில் துடைக்க முடியுமா? மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் நம் ஆபத்து டெலிட் பட்டனில் குறைவு, அதற்குப் பிறகு நடப்பதில் அதிகம். "காலி" என்று குறித்த இடத்தில் அடுத்த படம் வந்து உட்கார்ந்துவிட்டால், பழைய படத்தைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

பதினொரு படங்கள்

போன வருடம் நம் கல்லூரி ஜூனியர் ஒருவர் ஒரு கார்டைக் கொண்டுவந்தார். ராசிபுரம் பக்கத்தில் அவர் குடும்பத்தில் ஒரு காதுகுத்து. படம் எடுத்தவர் குழந்தையின் சித்தப்பா. நல்ல கேமரா, புதிதாக ஃபார்மட் செய்த கார்டு, அதிகாலை வீட்டில் கிளம்புவதிலிருந்து கடைசிப் பந்தி வரை இருநூற்றுச் சொச்சம் படங்கள். சாயந்திரம் மெனுவில் ஏதோ ஒன்றை அழுத்தப்போய், கார்டு ஃபார்மட் ஆகிவிட்டது.

அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதற்கப்புறம்தான் அவர் ஒரு காரியம் செய்தார். "கார்டு நல்லா இருக்குதான்னு பாக்கலாம்னு நாலஞ்சு படம் எடுத்தேனுங்க." எண்ணிப் பார்த்தால் பதினொன்று. வாசல், தென்னை மரம், பைக், சும்மா நின்ற பசங்கள்.

ஃபார்மட் செய்த கார்டில் கேமரா பொதுவாக முதலிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கும். காலையில் எடுத்த முதல் படங்களும் அதே முதல் இடத்தில்தான் இருந்தன. இருநூறு படங்களை முழுதாக எடுத்துவிட்டோம். பந்தி கிடைத்தது, சீர்த்தட்டு கிடைத்தது, தாய்மாமன் மடியில் குழந்தை அழுவது கிடைத்தது. கிடைக்காதவை ஆரம்பத்தில் எடுத்த பத்துப் பதினொரு படங்கள். அவற்றில்தான், கோயிலுக்கு வர முடியாத வீட்டு ஆயா, கட்டிலில் உட்கார்ந்தபடி குழந்தைக்குத் திருநீறு பூசிவிடும் படம் இருந்தது. கார்டு என் கைக்கு வந்தபோது ஆயா இல்லை. காதுகுத்து முடிந்த அடுத்த மாதமே காலமாகிவிட்டார்.

அந்தச் சித்தப்பாவைக் குறை சொல்லி இதைச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கார்டில் இருப்பது அட்டவணையா படமா என்ற வித்தியாசம் தெரியாதவரை, சோதித்துப் பார்ப்பது இயல்பு. அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் நூலகக் கதை சொன்னேன்.

ஐந்து வகைக் கோளாறு

"கார்டு போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும், வைத்தியர் மாதிரி இன்ன கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து வகையாகச் சொல்லலாம்.

1. டெலிட் ஆனது. ஒன்றிரண்டு படங்களைத் தவறாக அழித்தது. கணிப்பொறியில் கார்டைப் போட்டு அழித்தால் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை. கார்டிலிருந்து அழிப்பவை பொதுவாக அங்கே போவதில்லை. ஆனால் மீட்பதற்கு மிகவும் எளிதான வகை இதுதான்.

2. ஃபார்மட் ஆனது. இதுவும் பெரும்பாலும் மீளும். ஒரு விதிவிலக்கு: சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது நிஜமாகவே துடைத்துவிடும். கட்டங்களை அழிக்கச் சொல்லி கார்டுக்கே உத்தரவு போடும் ஃபார்மட் மென்பொருள்களும் உண்டு. அங்கே நம்பிக்கை குறைவு.

3. கணிப்பொறியில் போட்டதும் "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்பது. அட்டவணை கெட்டுவிட்டது, படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்பதே பெரும்பாலும் இதற்கு அர்த்தம். எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்குவது, பேட்டரி தீர்ந்துபோவது, கெட்ட கார்டு ரீடர் இவைதான் வழக்கமான காரணங்கள். கேள்விக்கு "வேண்டாம்" என்று பதில் சொல்லுங்கள். "ரிப்பேர் செய்யட்டுமா?" என்று கேட்டாலும் உடனே தலையாட்ட வேண்டாம். விண்டோஸ் அட்டவணையைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி, உங்கள் படங்களைத் துண்டு துண்டாக வேறு பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும்.

4. ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை. போட்டோ பாதி வந்து மீதி சாம்பல் நிறமாக இருக்கும். அல்லது வீடியோ ஓடாது. இதைத் தனியாகச் சொல்கிறேன்.

5. கார்டையே எந்தக் கருவியும் கண்டுகொள்ளாதது. முதலில் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள், செப்புப் பட்டைகளைச் சுத்தமான துணியால் மெல்லத் துடையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உள்ளே கண்ட்ரோலர் போயிருக்கலாம். இதற்கு மென்பொருள் மருந்து கிடையாது. மைக்ரோ எஸ்டி கார்டுகளில் சிப்பும் கண்ட்ரோலரும் ஒரே வார்ப்பாக இருக்கும். மேல்பூச்சைச் சுரண்டி, உள்ளே உள்ள புள்ளிகளில் தலைமுடி மாதிரிக் கம்பிகளைப் பற்றவைத்து, சிப்பை நேராகப் படிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. செலவு கூடுதல். அந்தப் படத்தின் மதிப்பை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீரில் விழுந்த கார்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சட்டைப் பையோடு துவைத்த கார்டுகூடப் பல சமயம் பிழைத்துவிடும், ஏனென்றால் சிப் பிளாஸ்டிக்கில் முழுதாக மூடியிருக்கிறது. நன்றாகத் துடைத்து, நிழலில் ஒருநாள் முழுக்க உலரவிட்டு, பிறகு போட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கத்திலோ வெயிலிலோ வைக்க வேண்டாம்.

மீட்கும் முறை

இப்போது வேலைக்கு வருவோம். வரிசை முக்கியம்.

முதலாவது, கேமராவை அணைத்து கார்டை வெளியே எடுங்கள். பெரிய எஸ்டி கார்டாக இருந்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிடுங்கள். ஒரு காகிதத்தில் "தொடாதே" என்று எழுதி, அதில் சுற்றி வைத்தாலும் சரிதான்.

இரண்டாவது, கார்டின் முழுப் பிரதியை ஒரே ஃபைலாகக் கணிப்பொறியில் எடுத்துக்கொள்ளுங்கள். 'இமேஜ்' என்று சொல்வோம். லினக்ஸில் 'டிடி' என்ற கட்டளையே போதும். கார்டு தேய்ந்துபோய் அங்கங்கே படிக்க முடியாமல் இருந்தால் 'டிடிரெஸ்க்யூ' நல்லது. முதலில் சுலபமாகப் படிக்க முடிந்த பகுதியை எடுத்துக்கொண்டு, கஷ்டமான இடத்துக்குப் பிறகு திரும்பி வரும். இமேஜ் எடுத்த பிறகு கார்டை மூடி வைத்துவிட்டு, எல்லாப் பரிசோதனையையும் அந்தப் பிரதியில் செய்யலாம். தப்பு நடந்தாலும் மூலம் பத்திரம்.

மூன்றாவது, மீட்கும் மென்பொருள். இலவசமாகக் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது 'ஃபோட்டோரெக்'. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. அட்டவணையை நம்பாமல் நேராகக் கட்டங்களைப் படிக்கும்.

எப்படி என்றால், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறையைக் கூட்டிய மண்ணை யாரும் தெருவில் கொட்டுவதில்லை. அதைச் சேர்த்து வைத்து, சலித்து, உருக்கி, வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். வெள்ளிக்கு ஒரு குணம் இருப்பதால் மண்ணிலிருந்து பிரிகிறது. அதுபோல ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் எப்போதும் 'எஃப்எஃப் டி8' என்ற இரண்டு பைட்டில் தொடங்கி, 'எஃப்எஃப் டி9' என்ற இரண்டு பைட்டில் முடியும். மென்பொருள் கார்டு முழுவதையும் சலித்து, தொடக்கம் கண்ட இடத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும். பழைய பெயர்கள் வராது, எல்லாம் எண்களாக வரும். பரவாயில்லை, எடுத்த தேதியும் நேரமும் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும்.

நான்காவது, மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கவே கூடாது. கிணற்றில் விழுந்த சொம்பை எடுக்க அதே கிணற்றில் மண்ணைக் கொட்டுவது போல ஆகிவிடும். எப்போதும் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

பாதிப் படமும் ஓடாத வீடியோவும்

பாதி சாம்பலாக இருக்கும் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேபெக்கில் தகவல் சங்கிலி போலத் தொடர்ச்சியாகச் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குழம்பிவிடும். முழுப் படத்தை மீட்க முடியாமல் போகலாம். ஆனால் ஃபைலின் தலைப்பகுதியில் கேமரா ஒரு சின்ன முன்னோட்டப் படத்தையும் வைத்திருக்கும். அது மட்டும் தப்பியிருக்கிறதா என்று பாருங்கள். தபால் தலை அளவுதான் இருக்கும், ஆனாலும் முகம் தெரியும். ரா ஃபைலாக இருந்தால், பல கேமராக்கள் அதற்குள் ஒரு பெரிய ஜேபெக்கையே வைத்திருக்கின்றன. அதைத் தனியாக உருவலாம்.

வீடியோவின் கதை வேறு. எம்பி4 ஃபைலில் காட்சியும் ஒலியும் ஒரு பெட்டியில் இருக்கும். எந்த நொடிக்குரிய காட்சி எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கம் 'மூவ்' என்ற இன்னொரு பெட்டியில் இருக்கும். பல கேமராக்கள் இந்தப் பொருளடக்கத்தை, நாம் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் கடைசியில் எழுதுகின்றன. தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி போனால், அதுவரை எடுத்தது எல்லாம் கார்டில் இருக்கும், பொருளடக்கம் மட்டும் இருக்காது. அதனால் எந்தப் பிளேயரும் திறக்காது.

இதற்கு வழி இருக்கிறது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று வேண்டும். அதை மாதிரியாக வைத்து, கெட்ட ஃபைலுக்குப் புதுப் பொருளடக்கம் எழுதிக் கொடுக்கும் 'அன்ட்ரங்க்' போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாதிரி எடுக்க வேண்டுமானால் வேறு ஒரு கார்டைப் போட்டு எடுங்கள். பழைய கார்டில் எடுத்துவிட்டால் ராசிபுரம் கதைதான். ஓடாத ஃபைல் என்று அதை டெலிட் செய்துவிடாமல் வைத்திருப்பதும் முக்கியம்.

நம்பிக்கைக்கு ஓர் உதாரணம்

இதெல்லாம் எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானிலேயே சிதறியது. அதில் செனான் வாயுவை வைத்து ஒரு பரிசோதனை நடந்திருந்தது. தகவலின் ஒரு பகுதி முன்பே பூமிக்கு வந்துவிட்டது, மீதி 400 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, வறண்ட ஏரிப் படுகையில் கருகிய இரும்புத் துண்டாக அந்த டிஸ்க் கிடைத்தது. மீட்பு நிறுவனத்தில் அதன் தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறு டிஸ்க்கின் உடம்பில் பொருத்திப் படித்தார்கள். ஏறக்குறைய 99 சதவீதத் தகவல் வந்துவிட்டது. ஆராய்ச்சி முடிவு 2008-இல் வெளியானது.

அது பழைய டாஸ் முறையில் ஓடிய டிஸ்க். தகவலை அங்கங்கே சிதறவிடாமல் ஒரே பகுதியில் வரிசையாக எழுதியிருந்தது. தட்டில் சேதமான பகுதி வேறு இடத்தில் இருந்ததால் பிழைத்தது. நம் கேமரா கார்டும் பெரும்பாலும் அப்படி வரிசையாகத்தான் எழுதுகிறது. நடுநடுவே ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடைவெளிகளில் புதிது எடுத்துக்கொண்டே போனால்தான் படங்கள் துண்டு துண்டாகச் சிதறும். ஆகவே கார்டு நிறைந்தால், எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு, கேமராவிலேயே ஒருமுறை ஃபார்மட் செய்து புதிதாகத் தொடங்குவது நல்ல பழக்கம்.

அதே சமயம், செல்போனின் உள் நினைவகத்தை இதே கணக்கில் சேர்க்காதீர்கள். இன்றைய போன்களில் தகவல் பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது, அழித்த இடத்தைப் போனே பின்னணியில் துடைத்தும் விடுகிறது. அங்கே மென்பொருளை ஓட்டுவதால் அநேகமாகப் பயனில்லை. கேலரியில் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியையும், கூகுள் போட்டோஸ் போன்ற இடங்களில் நகல் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

போலிக் கார்டுகள் பற்றியும் எச்சரிக்கை. உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து, வெளியே 256 ஜிபி என்று காட்டும் கார்டுகள் சந்தையில் உண்டு. நிறைந்த பிறகும் எழுதிக்கொண்டே போவதாக நடிக்கும், படம் எதுவும் இருக்காது. அதை எந்த மேதையாலும் மீட்க முடியாது. புதுக் கார்டு வாங்கியதும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' போன்ற இலவசக் கருவியால் முழுதாக எழுதிப் படித்துச் சோதியுங்கள். கல்யாண ஆர்டர் எடுக்கும் ஸ்டுடியோ நண்பர்கள் இதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

படம் சாட்சியாக மாறும்போது

இது குடும்பப் படங்களோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த ஓர் இளம் பொறியியல் பட்டதாரி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனவர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் சடலமாகக் கிடந்தார். சாதியின் பெயரால் நடந்த கொலை. அந்த வழக்கில் கோயிலின் சிசிடிவி பதிவு முக்கியமான சான்றாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நம்மைப் போலவே பொறியியல் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை கடைசியாக எங்கே, யாரோடு இருந்தான் என்பதைச் சொல்ல அந்தப் பதிவு இருந்தது.

சிசிடிவியும் லாரியின் டேஷ்கேமும் சுழற்சியில் எழுதுகின்றன. இடம் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதிது வந்துவிடும். நாமக்கல்லில் லாரித் தொழிலில் இருக்கும் நண்பர்கள் கவனிக்கவும். விபத்தோ தகராறோ நடந்தால் டேஷ்கேமை உடனே அணைத்து கார்டைத் தனியே எடுத்து வையுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வண்டியை ஓட்டினால், தேவைப்பட்ட பத்து நிமிடம் இல்லாமல் போய்விடும். வழக்குக்குப் போகக்கூடிய கார்டில் நீங்களாக மீட்பு மென்பொருளை ஓட்டாதீர்கள். அப்படியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் 'ஹேஷ்' எண்ணும் குறிக்கப்படுகிறது. ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

மறுபக்கத்தையும் யோசியுங்கள்

அழித்ததை நான் எடுக்க முடியும் என்றால், நீங்கள் அழித்ததை வேறொருவரும் எடுக்க முடியும். பழைய கார்டையும் கேமராவையும் விற்கும்போதும், நண்பனுக்குக் கொடுக்கும்போதும் இதை மறந்துவிடாதீர்கள். டெலிட் போதாது, சாதாரண ஃபார்மட்டும் போதாது. கார்டு நிறையும் வரை ஏதாவது பெரிய ஃபைல்களை எழுதி நிரப்பிவிட்டு, பிறகு ஃபார்மட் செய்து கொடுங்கள். மிக ரகசியமானது இருந்தால் கார்டை உடைத்துப் போட்டுவிடுவதே நல்லது, அதன் விலை பெரிதல்ல. மீட்பதற்காகக் கடையில் கொடுப்பதானாலும் தெரிந்தவரிடம் கொடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மீட்ட பிரதியைக் கடையின் கணிப்பொறியிலிருந்து அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். குறிப்பாக மாணவிகளுக்கு இதைச் சொல்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மெமரி கார்டு சேமிப்புக் கிடங்கு அல்ல. சிப்பில் தகவல் என்பது நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம். தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த இந்த ஃபிளாஷ் நினைவகம், மின்சாரம் இல்லாமலே தகவலைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் காலப்போக்கில் அந்த மின்னூட்டம் கசியும், வெப்பத்தில் வேகமாகக் கசியும். நம் சேலம், நாமக்கல் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பூட்டிய காருக்குள் அதைவிட அதிகம். பீரோவில் பத்து வருடம் கார்டைப் போட்டு வைத்துவிட்டு நம்பியிருக்காதீர்கள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் கிரோக் பரப்பிய '3-2-1' விதி எளிமையானது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பாலன் படத்துக்கு வேறு ஏதோ ஒரு ஊரில் ஒரு நல்ல பிரதி பத்திரமாக இருந்திருந்தால் போதும், இன்று நாம் பார்த்திருப்போம்.

இதைச் சங்கத்துக்கும் பொருத்திச் சொல்லி முடிக்கிறேன். நம் ஒவ்வொரு பேட்ச்சின் குரூப் போட்டோவும், கல்லூரி நாள் வீடியோவும், விளையாட்டு விழாப் படங்களும் எங்கே இருக்கின்றன? சிலது வீட்டுப் பரணில் வீடியோ கேசட்டாக, சிலது 2000-களில் எழுதிய சிடியாக, சிலது பழைய கார்டுகளில். சிடியும் கெடும், கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், கேசட்டை ஓட்டும் கருவியும் அருகி வருகிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒருவர் பொறுப்பேற்றுச் சேகரித்தால், டிஜிட்டலாக மாற்றும் வேலையை நானும் இரண்டு நண்பர்களும் செய்து தருகிறோம். ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில், ஒரு பிரதி சங்க அலுவலகத்தில், ஒரு பிரதி வெளியூரில். இறுதியாண்டு மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் இதையே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியர்கள் அனுமதிக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கெட்டுப்போன கார்டு யாரிடமாவது இருந்தால், சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பாருங்கள். ஆனால் அதில் புதிதாக ஒரு படமும் எடுக்காமல் கொண்டுவாருங்கள்.